எல்லாமே அவசரம் என்றால் எதை முதலில் எடுப்பது? ஸ்பிரிண்ட் வரிசைக் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

திங்கட்கிழமை காலை ஸ்பிரிண்ட் (ஓரிரு வாரத்துக்கான வேலைச் சுற்று) பிளானிங் முடிந்ததும் வேலைகளின் வரிசை அழகாக இருக்கும். வியாழக்கிழமை மதியம் வேலைகளின் நிலையைக் காட்டும் போர்டைத் திறந்தால் யார் எதைச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஏன் அதைச் செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. உங்கள் டீமும் இப்படித்தான் என்றால் மேலே படியுங்கள்.

நான் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு டீமில் இருக்கிறேன். ஏழு பேர்; அதில் ஒருவர் டெஸ்டர், இன்னொருவர் பாதி நாள் சப்போர்ட் கால்களிலேயே போய்விடுவார். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசியை நாங்களே செய்து பார்த்திருக்கிறோம், சிலவற்றை இரண்டு தடவை.

முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அதற்குப் போங்கள். ஆனால் சோதனையைச் செய்யாமல் மருந்துக்குத் தாவாதீர்கள். வரிசை சரியில்லை என்றவுடன் வேலைகளுக்கு மதிப்பெண் போடப் புதிதாக ஒரு ஸ்கோர் ஷீட்டை இறக்கிவிடும் பழக்கம் எல்லா ஆபீசிலும் இருக்கிறது, பாதி நேரம் கோளாறு அந்தப் பக்கமே இருக்காது.

தொடங்கும் முன் மூன்று எண்கள்

பதினைந்து நிமிடம் போதும். ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று, பேக்லாக்கில் (செய்யக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியல்) திறந்திருக்கும் டிக்கெட் (ஒரு வேலைக்கோ கோளாறுக்கோ ஆன பதிவு) மொத்தம் எத்தனை. இரண்டு, இந்த நிமிடம் 'இன் புராக்ரஸ்', 'ரிவ்யூ', 'டெஸ்டிங்' மூன்றிலும் சேர்த்து எத்தனை, டீமில் ஆள் எத்தனை. மூன்று, கடந்த மூன்று ஸ்பிரிண்டுகளில் ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு உள்ளே வந்த டிக்கெட் எத்தனை, அவற்றுக்கு இடம் கொடுக்க வெளியே போனவை எத்தனை.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும், டிக்கெட்டுகளை வைத்திருக்கும் ஜிரா மென்பொருளின் ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டில் நட்சத்திரக்குறி போட்டு வருபவை எல்லாம் நடுவில் ஏறியவை. அநேகமாக உள்ளே வந்த எண் பெரிதாகவும் வெளியே போன எண் பூஜ்யமாகவும் இருக்கும். இருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் வேண்டும்.

அறிகுறி 1: பேக்லாக்கில் பாதிக்கு மேல் 'ஹை' அல்லது 'ஹையஸ்ட்'

சோதனை: முன்னுரிமை வாரியாக எண்ணிப் பாருங்கள். மேல் இரண்டு நிலைகளில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்தக் கட்டத்துக்கு அர்த்தம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. முன்னுரிமைச் சீட்டு ஒட்டச் செலவில்லை. நூறு டிக்கெட்டுக்கு 'ஹை' போட்டாலும் யாருக்கும் எதுவும் குறையாது, அதனால் எல்லாரும் போடுவார்கள், போடாதவர் ஏமாளி. ஆனால் ஏழாவது இடம் என்பது ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான், அங்கே ஒன்றைக் கொண்டுவந்தால் இருந்தது எட்டுக்குப் போயே ஆக வேண்டும். ஸ்பிரிண்ட் முறையில் வேலை செய்ய வழிகாட்டும் ஸ்க்ரம் கையேட்டின் 2011 பதிப்பில் பேக்லாக் 'முன்னுரிமையிடப்பட்டது' என்றிருந்ததை 'வரிசைப்படுத்தப்பட்டது' என்று மாற்றினார்கள். படிக்கும்போது சின்ன சொல் மாற்றம் மாதிரித்தான் தெரியும், எனக்கும் அதன் காரம் புரிய நாலைந்து வருடம் ஆனது.

இன்னொரு குழப்பம், பாதிப்பின் அளவையும் அவசரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. கோளாறுகளைப் பதியும் பக்ஸில்லா மென்பொருளில் இவை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு, அது சும்மா இல்லை. வருடத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் ஒரு ரிப்போர்ட் மொத்தமாக கிராஷ் ஆகிறது என்றால் பாதிப்பு பெரிது, ஆனால் அந்த நாளுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. பில்லில் கடையின் பெயர் எழுத்துப்பிழையோடு அச்சாகிறது என்றால் தொழில்நுட்பமாக ஒன்றுமே இல்லை, ஆனால் இன்று மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் கடைக்காரர் விடமாட்டார், விடவும் கூடாது. டெஸ்டர் பாதிப்பைச் சொல்லட்டும். அவசரத்தை, வரிசையைத் தீர்மானிக்கும் புரொடக்ட் ஓனர் சொல்லட்டும்.

செய்ய வேண்டியது: முன்னுரிமைக் கட்டத்தைப் போர்டிலிருந்து மறைத்துவிடுங்கள். எல்லா டிக்கெட்டையும் ஒரே வரிசையில் இழுத்து அடுக்குங்கள். ஆனால் 400 டிக்கெட்டையும் அடுக்கப் போனால் அன்று மாலையே எல்லாரும் வெறுத்துவிடுவார்கள், மேலே உள்ள 15 அல்லது 20 போதும். அடுக்கும்போது "இது முக்கியமா?" என்று கேட்காதீர்கள், எல்லாமே முக்கியம் என்றுதான் பதில் வரும். இரண்டை மட்டும் பக்கத்தில் வைத்து, "இந்த மாசம் ஒண்ணுதான் போகும்னா எது?" என்று கேளுங்கள். எங்கள் சேல்ஸ் தலைவர் பன்னிரண்டு 'ஹையஸ்ட்' வைத்திருந்தார். இப்படி ஜோடி ஜோடியாகக் கேட்டதில் இருபது நிமிடத்தில் அவரே ஐந்தை "இது அப்புறம் பாத்துக்கலாம்" என்று கீழே தள்ளிவிட்டார். யாரும் அவரோடு சண்டை போடவில்லை.

சீட்டு வேண்டியே தீரும் என்று மேலிடம் பிடிவாதம் பிடித்தால் மாஸ்கோ (MoSCoW) முறையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆரக்கிளில் இருந்த டாய் கிளெக் 1994-இல் கொண்டுவந்தது: கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை என்று நான்கு கூடை. பலர் மறந்துவிடுகிற விஷயம், இந்த முறையை வளர்த்த டிஎஸ்டிஎம் என்ற மென்பொருள் உருவாக்க முறையின் வழிகாட்டியில் 'கட்டாயம்' மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அந்த வரம்பில்லாமல் மாஸ்கோ வைத்தால் மறுபடி எல்லாம் 'ஹை' கதைதான். ஒன்று கட்டாயமா என்று பார்க்க, "இது இல்லாவிட்டால் ரிலீசையே நிறுத்திவிடுவீர்களா?" என்று கேளுங்கள். "இல்லை, கொஞ்ச நாள் கையால் சமாளிப்போம்" என்று வந்தால் அது இரண்டாவது கூடை.

அறிகுறி 2: வரிசை இருக்கிறது, ஆனால் தினமும் நடுவில் ஏதாவது ஏறுகிறது

சோதனை: மூன்றாவது எண்ணை எடுங்கள். நடுவில் ஏறிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் மூலம் வந்தது என்று எழுதுங்கள். பாதிக்கு மேல், கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் வந்த உண்மையான புரொடக்‌ஷன் கோளாறுகள் என்றால் (அ). பாதிக்கு மேல் ஒரே ஆளின் போனிலிருந்து வந்தவை என்றால் (ஆ). தேதி நெருங்கியதால் திடீரென்று ஏறியவை என்றால் நேரே அறிகுறி 5.

(அ) கோளாறுகள் வரும், அது இயல்பு. வரவே வராது என்று கணக்குப் போட்டதுதான் தவறு. ஸ்பிரிண்டுக்கு 40 பாயிண்ட் (வேலையின் அளவுக்குப் போடும் எண்) முடிக்கிறீர்கள், அதில் சராசரியாக 8 எதிர்பாராத வேலைக்குப் போகிறது என்றால் பிளானிங்கில் 32 எடுங்கள். மேனேஜர் முகம் சுளிப்பார். அவருக்குக் காட்ட ஒரு கணக்கு: வேலை தாறுமாறான இடைவெளியில் வந்து, எடுக்கும் நேரமும் தாறுமாறாக இருந்து, ஒரே ஆள் பார்க்கும் வரிசையில், அவர் 80 சதவீதம் நேரம் வேலையில் இருந்தால் கையில் இருப்பதும் காத்திருப்பதுமாகச் சேர்த்து சராசரி 4 நிற்கும். 90 சதவீதம் என்றால் 9. 95 என்றால் 19. உங்கள் டீம் அந்தச் சூத்திரத்துக்கு அப்படியே பொருந்தாதுதான், ஆனால் போகும் திசை இதே. நூறு சதவீதம் நிரப்பிய ஸ்பிரிண்டில் ஒரு ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) விழுந்தால் எல்லாமே தள்ளிப்போவது இதனால்தான். டெவலப்பர் சோம்பேறி என்பதால் இல்லை.

கூடவே முறை வைத்து ஒருவரை அந்த ஸ்பிரிண்டின் காவல்காரராக நிறுத்துங்கள். எது வந்தாலும் முதலில் அவரிடம், மற்றவர்களைத் தொடக் கூடாது. அவசரத் தடத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுதான். இரண்டாவது அவசரம் வந்தால் முதலாவது அவசரம் இல்லை என்று யாராவது பெயர் போட்டுச் சொல்ல வேண்டும்.

(ஆ) இதற்கு ஒரே மருந்து நுழைவுக் கட்டணம். "தம்பி, கஸ்டமர் எஸ்கலேட் பண்ணிட்டார், இன்னைக்கே வேணும்" என்று வந்தால் முடியாது என்று சொல்லாதீர்கள், அது வேலைக்கு ஆகாது, அவர் உங்களுக்கு மேலே போய்க் கேட்பார். "போட்டுடலாம் சார், இதுக்குப் பதிலா எதை வெளியே எடுக்கட்டும்?" என்று கேட்டு, ஸ்பிரிண்டில் இருப்பதைத் திரையில் காட்டுங்கள். அவர் சொல்வதை டிக்கெட்டில் ஒரு வரியாக எழுதுங்கள்: இது உள்ளே வந்ததால் அது வெளியே போனது, சொன்னவர் இன்னார், தேதி இது. அவ்வளவுதான். முதல் வாரம் கோபப்படுவார். எங்களிடம் மூன்றாவது ஸ்பிரிண்டிலேயே அந்தப் போன் கால்கள் பாதியாகக் குறைந்தன, ஏனென்றால் வெளியே போவதும் அவருடைய இன்னொரு வாடிக்கையாளருக்குச் சொன்ன வேலையாகவே இருந்தது.

"நீங்களே பார்த்து ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள்" என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பொறி. பின்னால் அந்த வேலை ஏன் வரவில்லை என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

அறிகுறி 3: எல்லாம் தொடங்கியிருக்கிறது, எதுவும் முடியவில்லை

ஸ்டாண்டப்பில் (தினமும் நின்றபடி பேசும் சின்ன மீட்டிங்) "எண்பது சதவீதம் முடிஞ்சுது" என்று நான்கு பேர் நான்கு நாளாகச் சொல்கிறார்களா? அப்படியானால் இங்கே.

சோதனை: இரண்டாவது எண். நடந்துகொண்டிருப்பது ஆள் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதா?

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த ஒரு விதி இங்கே உதவும்: சராசரியாக ஒரு வேலை உள்ளே கிடக்கும் நேரம் என்பது, உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தால் வருவது. எங்கள் போர்டில் 21 டிக்கெட் நடந்துகொண்டிருந்தது, வாரத்துக்கு 7 முடிந்தது. அதாவது எதைத் தொட்டாலும் சராசரி மூன்று வாரம். வேகம் அதே 7 என்று வைத்து உள்ளே 10 மட்டும் வைத்தால் சுமார் பத்து நாள். ஒருவரும் கூடுதலாக உழைக்கவில்லை.

இதை ஏன் வரிசைக் கோளாறு என்கிறேன் என்றால், 21 வேலை திறந்திருக்கும் இடத்தில் மேலே இருப்பது முதல் வேலை என்பதே பொய். எல்லாமே முதல் வேலைதான்.

செய்ய வேண்டியது: ஸ்டாண்டப்பில் ஆள் ஆளாகக் கேட்பதை நிறுத்துங்கள். போர்டின் வலது ஓரத்திலிருந்து டிக்கெட் டிக்கெட்டாக வாருங்கள், முடிவுக்கு மிக அருகில் இருப்பதை முடிக்க என்ன தேவை என்று மட்டும் கேளுங்கள். டெஸ்டிங் கட்டத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், எங்களுடையது 4. அது நிரம்பிவிட்டால் டெவலப்பர் புது டிக்கெட் எடுக்கக் கூடாது, போய் டெஸ்ட் செய்ய வேண்டும். இதற்கு எங்கள் ஆட்கள் காட்டிய எதிர்ப்பைச் சொல்லி மாளாது. "நான் டெஸ்டரா?" என்று நேரடியாகவே கேட்டார் ஒருவர். அவர் இரண்டு நாள் தன் கோடிங்கைத் தானே டெஸ்ட் செய்த பிறகு, டெஸ்டருக்கு அனுப்பும்போது கூடவே டெஸ்ட் டேட்டாவும் அனுப்ப ஆரம்பித்தார். அது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.

அறிகுறி 4: ஸ்கோர் ஷீட் இருக்கிறது, ஆனால் ஜெயிப்பது எப்போதும் ஒருவருடைய ஆசை

சோதனை: ஷீட்டை ஸ்கோர்படி அடுக்குங்கள். முதல் பத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஊகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். வரிசை கலைகிறதா?

இன்டர்காம் நிறுவனம் கொடுத்த ரைஸ் முறையை எடுத்துக்கொள்வோம், பலர் பயன்படுத்துவது: எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பாதிக்கும், எவ்வளவு நிச்சயம் மூன்றையும் பெருக்கி உழைப்பால் வகுப்பது. 400 கடைகள், பாதிப்பு 2, நிச்சயம் 80 சதவீதம், உழைப்பு இரண்டு ஆள்-மாதம் என்றால் 320. இன்னொன்று 300 கடைகள், பாதிப்பு 1, நிச்சயம் 100 சதவீதம், உழைப்பு ஒன்று என்றால் 300. முதலாவது ஜெயித்தது. சரி, அந்த 80 சதவீதம் எங்கிருந்து வந்தது? யாரோ நம்பிக்கையாகச் சொன்னது. 50 என்று போட்டால் 200, தோற்றது. ஆக இந்த 20 புள்ளி வித்தியாசத்தை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது. 320-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் செய்யலாம். ஷீட்டைச் சல்லடையாகப் பயன்படுத்துங்கள், தராசாக வேண்டாம்.

ஸ்கோர் போடுவதற்கு முன்பே முடிவு தெரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் நிரப்பட்டும். எண்கள் விலகும் இடத்தில்தான் பேச வேண்டிய விஷயமே இருக்கும். எங்களிடம் ஒரே வசதிக்கு ஒருவர் 50 கடை என்றார், ஒருவர் 900 என்றார். விசாரித்தால் இருவரும் வேறு வேறு வசதியை நினைத்துக்கொண்டிருந்தார்கள், டிக்கெட் தலைப்பு அவ்வளவு லட்சணம்.

ஒரே ஒரு கணக்குதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் தாமதத்தின் விலையைத்தான் எடுப்பேன். தயாரிப்பு உருவாக்கம் பற்றி எழுதும் டான் ரைனர்ட்சன் நெடுநாளாகச் சொல்லிவருவது. தாமதத்தின் விலையை வேலை எடுக்கும் காலத்தால் வகுத்து, பெரிதை முதலில் எடுப்பது. 'அ' தாமதமானால் வாரம் ஒரு லட்சம் போகிறது, முடிக்க 5 வாரம். 'ஆ' தாமதமானால் வாரம் 60,000, முடிக்க ஒரு வாரம். பெரிய பணம் 'அ' என்று அதை முதலில் எடுத்தால் 'அ'-வுக்கு 5 லட்சம், ஆறாவது வாரம் முடியும் 'ஆ'-வுக்கு 3.6 லட்சம், மொத்தம் 8.6 லட்சம். 'ஆ'-வை முதலில் எடுத்தால் 0.6, பிறகு 'அ'-வுக்கு 6, மொத்தம் 6.6 லட்சம். இரண்டு லட்சம் மிச்சம், வெறும் வரிசையால். எண்கள் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. "ஒரு வாரம் தள்ளினால் என்ன போகும்?" என்ற கேள்வியைக் கேட்டாலே சில டிக்கெட்டுகளுக்குப் பதில் "ஒன்றும் போகாது" என்று வந்துவிடும்.

அறிகுறி 5: தேதி போட்ட வேலை எப்போதும் கடைசி வாரத்தில்தான் பற்றி எரிகிறது

இது எங்கள் சொந்தக் கதை, அதனால் கொஞ்சம் நீளும்.

ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம் 2025 செப்டம்பர் 3 அன்று வீத மாற்றத்தை அறிவித்தது. 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய், பெரும்பாலான சரக்குகள் 5 அல்லது 18-க்கு வந்தன, சிலவற்றுக்கு 40. நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22. இடையில் 19 நாள். எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு பொருளுக்கும் வரி வீதம் ஒரே ஒரு எண்ணாக இருந்தது, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற கட்டமே இல்லை. மாற்றினால் பழைய பில்லுக்கும் சேர்த்து மாறும். 22-க்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய வீதத்தில் அல்லவா கழிக்க வேண்டும்? "வரி வீதத்துக்குத் தொடக்கத் தேதி சேர்ப்பது" என்ற டிக்கெட் பேக்லாக்கில் இருந்தது. இரண்டு வருடமாக 'லோ'. நான்தான் 'லோ' போட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், வரி விதிகள் மாறும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவது) கட்டாயம் 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு மேல் இருப்பவர்களுக்குத் தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50, 2022 ஏப்ரலில் 20, அக்டோபரில் 10, 2023 ஆகஸ்டில் 5 கோடி. படிக்கட்டு மாதிரி இறங்கி வந்துகொண்டே இருந்தது. இதைப் பார்த்த யாரும் அடுத்த மாற்றம் வராது என்று நினைக்க முடியாது. நாங்கள் நினைத்தோம்.

சோதனை: தேதி உள்ள ஒவ்வொரு டிக்கெட்டையும் எடுத்து, "ஒரு நாள் தள்ளினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். கடைக்காரர் சட்டப்படி பில் போட முடியாது என்றால் அது உண்மையான தேதி. ஒரு மீட்டிங்கில் யாரோ "மாசக் கடைசி" என்று சொன்னது என்றால் அது விருப்பம், தேதிக் கட்டத்தைக் காலி செய்துவிடுங்கள். எங்கள் பேக்லாக்கில் தேதி போட்ட டிக்கெட்டில் முக்கால்வாசி இரண்டாவது வகை. பொய்த் தேதிகள் அதிகமான இடத்தில் உண்மைத் தேதியையும் யாரும் மதிக்கமாட்டார்கள்.

செய்ய வேண்டியது: கான்பன் என்ற வேலை நிர்வாக வழியில் வேலையை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். உடனடி, தேதி கட்டியது, வழக்கமானது, இப்போது வலிக்காதது. தேதி கட்டியதற்குப் பின்னோக்கி எண்ணுங்கள்: கடைகளுக்கு அப்டேட் போய்ச்சேர எத்தனை நாள், டெஸ்டிங் எத்தனை நாள், எழுத எத்தனை நாள், அதோடு ஒரு வாரம் கூட. எங்களுக்கு அப்டேட் போய்ச்சேரவே ஆறு நாள், சில கடைகளில் வாரக்கடைசியில் முதலாளி வந்தால்தான் கம்ப்யூட்டரையே திறப்பார்கள். அந்தத் தொடக்கத் தேதி வரும்வரை டிக்கெட்டைப் பற்றி யாரும் பேச வேண்டாம். அது வந்ததும் வரிசையின் உச்சிக்கு வர வேண்டும், விவாதம் கிடையாது.

நான்காவது வகைதான் ஏமாற்றும். வரி வீதத்துக்குத் தொடக்கத் தேதி என்பது இப்போது வலிக்காத வேலை, ஒரு நாள் தேதி கட்டிய வேலையாக மாறி 19 நாள் கொடுக்கும். அதற்குத்தான் அடுத்தது.

அறிகுறி 6: தொழில்நுட்பக் கடன் டிக்கெட் ஒரு நாளும் மேலே வருவதில்லை

சோதனை: தலைப்பைப் படியுங்கள். "டேக்ஸ் மாட்யூல் ரிஃபாக்டர்" (உள்ளமைப்பைத் திருத்தி எழுதுவது) என்று மட்டும் இருக்கிறதா? நான் புரொடக்ட் ஓனராக இருந்தாலும் எடுக்கமாட்டேன்.

அவசரத்துக்கு அரைகுறையாக எழுதி, பின்னால் சரிசெய்ய விட்டதற்குக் கடன் என்ற உவமையைப் புரோகிராமர் வார்டு கன்னிங்ஹாம் 1992-இல் சொன்னபோதே வட்டியையும் சேர்த்துத்தான் சொன்னார். நாம் அசலை மட்டும் எழுதுகிறோம். வட்டியை எழுதுங்கள்: "வரி சம்பந்தமாக எதைத் தொட்டாலும் மூன்று நாள் கூடுதல், கடந்த ஆறு மாதத்தில் நான்கு தடவை." பன்னிரண்டு ஆள்-நாள். இப்போது இது மற்ற வேலைகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போடும்.

இருபது சதவீதம் ஒதுக்குவோம் என்ற தீர்மானத்தை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டும் மூன்றாவது ஸ்பிரிண்டில் கரைந்தன. சதவீதத்துக்கு முகம் இல்லை. "இந்த ஸ்பிரிண்டில் இவர் இதை மட்டும் செய்கிறார்" என்றால் நிற்கிறது. இன்னொரு வழி, அந்த இடத்தைத் தொடும் அடுத்த வசதியோடு சேர்த்தே மதிப்பிடுவது. தனி டிக்கெட்டே வேண்டாம்.

சர்வர் சேவை நடத்துபவர்களாக இருந்தால் கூகுளின் எஸ்ஆர்இ (சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்ளும்) ஆட்கள் பழக்கிய பிழை வரவுசெலவு நல்ல ஏற்பாடு. 99.9 சதவீதம் இயங்க வேண்டும் என்றால் 30 நாளில் 43 நிமிடம் விழலாம். அது தீர்ந்தால் புது வசதி நிற்கும், நிலைப்படுத்தும் வேலை தானாக மேலே வரும். யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தீர்ந்த பிறகும் "இந்த ஒரு தடவை மட்டும்" என்று ரிலீஸ் போகும் இடத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

அறிகுறி 7: பேக்லாக் 600-ஐத் தாண்டிவிட்டது

ஆறு மாதம் யாரும் தொடாததை மூடுங்கள். மூடும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், மனசு கேட்காதவர்களுக்காக. நாங்கள் 340-ஐ மூடினோம். இரண்டைத்தான் திரும்பக் கேட்டார்கள், இரண்டையும் கேட்டவர் ஒரே ஆள்.

அறிகுறி 8: இரண்டு பேர், இரண்டு முதல் வேலை

சேல்ஸ் ஒன்று சொல்கிறது, ஆபரேஷன்ஸ் ஒன்று சொல்கிறது, டெவலப்பர் யார் கடைசியாகக் கத்தினார்களோ அதைச் செய்கிறார்.

ஸ்க்ரம் கையேடு இதில் ஒளிவுமறைவே இல்லாமல் சொல்கிறது: புரொடக்ட் ஓனர் ஒரு ஆள், குழு கிடையாது. சொந்தப் புரொடக்ட் கம்பெனியில் இதை எப்படியாவது சாதிக்கலாம். சர்வீஸ் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குத்தான் சிக்கல். உண்மையான ஓனர் அமெரிக்காவில் கிளையன்ட் பக்கம் இருப்பார், இங்கே அவருக்குப் பதிலாக ஒருவர் இருப்பார், அவரால் "கேட்டுச் சொல்றேன்" மட்டும்தான் சொல்ல முடியும். கேள்வி காலை பத்து மணிக்கு எழும், பதில் இரவு எட்டரை கால்-இல் வரும், அங்கே நேரத்தை மாற்றிய பிறகு நவம்பரில் அது ஒன்பதரை. ஒரு கேள்விக்கு ஒரு நாள்.

சோதனை: கடந்த மாதம் இங்கே இருப்பவர் எத்தனை வரிசை மாற்றங்களைத் தானே முடிவு செய்தார்? பூஜ்யம் என்றால் அவர் தபால்காரர்.

செய்ய வேண்டியது: அதிகாரம் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். விதி கேளுங்கள். "இரண்டு நாளுக்குக் குறைவான வேலை என்றால் இங்கேயே முடிவு செய்யலாம்", "பேமென்ட் சம்பந்தப்பட்ட பிழை எப்போதும் புது வசதிக்கு மேலே" என்று நாலு வரி எழுதி மெயிலில் ஒப்புதல் வாங்குங்கள். என் நண்பர் டீமில் ஐந்து விதி வைத்தார்கள், இரவு கால்-இல் போகும் கேள்விகளில் பெரும்பகுதி குறைந்துவிட்டது என்றார்.

இங்கேயே இரண்டு பேர் என்றால் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அறிகுறி 1-இல் சொன்ன ஜோடிக் கேள்வியைக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டு வந்து நீங்கள் சமரசம் செய்ய முயலாதீர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அறிகுறி 9: உச்சியில் இருக்கும் டிக்கெட்டை யாரும் தொடுவதில்லை

வரிசை சரியாகவே இருக்கும். ஆனால் காலையில் எல்லாரும் மூன்றாவது, ஐந்தாவது என்று பொறுக்குவார்கள், முதலாவது அப்படியே கிடக்கும்.

சோதனை: யாரையும் குற்றம் சாட்டாமல் தனியாகக் கேளுங்கள். பதில் அநேகமாக இவற்றில் ஒன்று: என்ன வேண்டும் என்றே புரியவில்லை; அந்தக் கோடிங்கைத் தொட்டால் ஏதாவது உடையும்; அது இன்னாருக்குத்தான் தெரியும், அவர் லீவு.

புரியவில்லை என்றால் டிக்கெட் உச்சிக்கு வந்திருக்கவே கூடாது, எழுதியவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பயம் என்றால் இரண்டு பேரைச் சேர்த்துப் போடுங்கள், முதல் நாள் டெஸ்ட் எழுதுவது மட்டும்தான் வேலை என்று சொல்லுங்கள். இன்னாருக்குத்தான் தெரியும் என்றால் அவர் திரும்பியதும் அவர் கீபோர்டைத் தொடக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். மெதுவாகத்தான் போகும். அடுத்த தடவை மெதுவாகப் போகாது.

எதுவும் பொருந்தவில்லை, அல்லது எல்லாம் செய்தும் மாறவில்லை என்றால்

இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து அந்தத் தாளை எடுங்கள். மூன்று எண்களையும் மறுபடி எண்ணி பழையதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் இரண்டும் குறைந்து மூன்றாவது அப்படியே இருந்தால் கோளாறு டீமுக்குள் இல்லை. அப்போது மேலே எடுத்துப் போக வேண்டியது டீமின் வேக வரைபடம் இல்லை, அதை வைத்து இன்னும் வேகமாக ஓடச் சொல்வார்கள். நுழைவுக் கட்டணமாக எழுதி வைத்த வரிகளை மட்டும் ஒரு பக்கத்தில் ஒட்டி எடுத்துப் போங்கள்: எது உள்ளே வந்தது, எது வெளியே போனது, யார் சொன்னது, எந்தத் தேதி. நாங்கள் கொண்டுபோனதில் 23 வரி இருந்தது. எங்கள் இயக்குநர் இரண்டு நிமிடம் படித்துவிட்டு, அதில் ஒன்பதாவது வரியைக் காட்டி, "இதை யாரு வெளியே எடுக்கச் சொன்னது?" என்றார். அவர் பெயர்தான் இருந்தது.